உள்ளே வராமல், டீயும் குடிக்காமல் போன அந்த இரண்டு பையன்கள்

கேள்வி இதுதான்: மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆன ஒரு பெண் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம், வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு பையன்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை, இரண்டு பெயரும் ‘எல்டர்’ என்றே ஆரம்பிக்கிறது. தம்பி வயசுதான் இருக்கும். வெயிலில் நிற்கிறார்களே என்று உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. டீ போடட்டுமா என்றால் அதையும் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். யார் இவர்கள், நாள் முழுக்க இதுதான் வேலையா, சம்பளம் உண்டா, இந்த வயதில் இவ்வளவு நம்பிக்கை எப்படி வருகிறது?

முதலில் உங்கள் மனதில் உறுத்திக்கொண்டிருப்பதைத் தீர்த்துவிடுகிறேன். அவர்கள் மார்மன் சபையின் மிஷனரிகள், உங்களை அவமதிக்கவில்லை. ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எல்டர்கள், அதாவது ஆண் மிஷனரிகள், போகக் கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. டீ, காபி, சாராயம், புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. 1833-ல் தங்கள் தீர்க்கதரிசிக்குக் கிடைத்த வெளிப்பாடு என்று அவர்கள் நம்பும் ஒரு போதனையிலிருந்து வந்த பழக்கம் அது. ஆக, நீங்கள் அன்போடு நீட்டிய இரண்டையும் அவர்களால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர்களுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

நான் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரத்துக்குப் பக்கத்தில், பதினான்கு வருஷமாகக் குடியிருக்கிறேன். மதுரைக்காரி. அவர்களுடைய சபையில் சேரவில்லை, சேரும் எண்ணமும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எங்கள் வீட்டைத் தவிர அநேகமாக எல்லா வீடும் அவர்கள் வீடுதான். இந்த ஊரில் பதினெட்டு வயது ஆன பையன் திடீரென்று காணாமல் போய், இரண்டு வருஷம் கழித்து வேறு ஆளாகத் திரும்பி வருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவின் இரண்டு பையன்களையும் அப்படி வழியனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அவர்களிடம் கேட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

உலகம் இவர்களை மார்மன்கள் என்கிறது. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018-ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் முழுப்பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து எங்கள் தெருவில் யாரும் தங்களை மார்மன் என்று சொல்லிக்கொள்வதில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 1830-ல் தொடங்கிய சபை இது. பைபிளோடு சேர்த்து ‘மார்மன் புத்தகம்’ என்ற நூலையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் அச்சான அதே வருஷம், ஜோசப்பின் தம்பி சாமுவேல் அதன் பிரதிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். உங்கள் வாசலில் நின்ற பையன்களின் பரம்பரை அங்கே ஆரம்பிக்கிறது.

நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1853-ல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் யூட்டாவிலிருந்து கிளம்பிக் கப்பலேறி மதராஸுக்கே வந்து சேர்ந்தார். ஓராண்டு போல இருந்து, அங்கே ஒரு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். சேர்ந்தவர்கள் மிகக் கொஞ்சம். உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். கதவு சாத்தப்படுவது இவர்களுக்குப் புதிதில்லை.

சம்பளம் கிடையாது. அதற்கு நேர்மாறாக, அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்கக் குடும்பம் மாதாமாதம் செலுத்தும் தொகை 2020 ஜூலையில் 400 டாலரிலிருந்து 500 டாலர் ஆனது. டோக்கியோவுக்குப் போனாலும் பொலிவியாவுக்குப் போனாலும் ஒரே தொகை. எல்லாம் பொதுவில் சேர்ந்து, அந்தந்த ஊர்ச் செலவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பக்கத்து வீட்டு அலமாரியில் மூன்று அறை வைத்த உண்டியல் ஒன்று இருந்தது. ஓர் அறை தசமபாகத்துக்கு (சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு), ஓர் அறை சேமிப்புக்கு, மூன்றாவது அறை ஊழியத்துக்கு. பெரியவன் ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டிச் சம்பாதித்த காசிலிருந்தே அதில் போட ஆரம்பித்ததாக அவன் அம்மா சொன்னார்.

ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். பெண்களைச் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான வயதை 19-லிருந்து 18-ஆகவும் பெண்களுக்கு 21-லிருந்து 19-ஆகவும் குறைத்தார்கள். அதற்குப் பிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியதை நானே பார்த்தேன். எந்த ஊர் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மருத்துவர், பல் மருத்துவர், உள்ளூர் பிஷப் என்று எல்லோரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர் ஜெபித்து இடம் சொல்வார். (பிஷப் என்றதும் அங்கி போட்ட ஆயரை நினைக்காதீர்கள். எங்கள் தெரு பிஷப் பகலில் பல் டாக்டர். அதுவும் சம்பளமில்லாத பொறுப்புதான்.)

2015-ல் பெரியவனுக்கு அந்தக் கடிதம் தபாலில் வந்தது. பெரிய வெள்ளை உறை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சுவரில் உலக வரைபடம் ஒட்டி, எந்த ஊர் வரும் என்று ஆளுக்கோர் இடத்தில் குண்டூசி குத்தியிருந்தோம். நான் குத்தியது சென்னையில். உறையைப் பிரித்தபோது அவன் விரல் நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. பிரேசிலில் ஃபோர்த்தலேசா. ஒருத்தர் ஊசியும் அதன் பக்கத்தில்கூட இல்லை.

புரோவோவில் இருக்கும் பயிற்சி மையத்தில் ஆறு வாரம் போர்ச்சுகீஸ். அவன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரம்தான். ஆனால் பார்க்க முடியாது. ஊழியத்துக்கென்று தலையில் கைவைத்து அர்ப்பணித்த நொடியிலிருந்து விதிகள் தொடங்கிவிடுகின்றன. சினிமா இல்லை, காதலியோடு ஊர் சுற்றல் இல்லை, முதல் பெயர்கூட இல்லை. குடும்பப் பெயருக்கு முன்னால் எல்டர், அவ்வளவுதான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் ஊரில் மாலை போடுவதுதான். மாலை போட்ட அன்றிலிருந்து முருகேசன் முருகேசன் இல்லை, சாமி. அம்மாவே ‘சாமி, சாப்பிட வாங்க’ என்பாள். நம்முடையது ஒரு மண்டலம். இவர்களுடையது இரண்டு வருஷ மாலை.

இனி அவர்கள் நாள். காலை ஆறரைக்கு எழ வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. எட்டு மணிக்குத் தனியாக வேதம் படிப்பு, பிறகு துணைவரோடு (எப்போதும் ஜோடியாகக் கூடவே இருக்கும் இன்னொரு மிஷனரி) சேர்ந்து படிப்பு, வேற்று மொழி நாடு என்றால் மொழிப் படிப்பு. பத்து மணிவாக்கில் வெளியே. இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017-க்குப் பிறகு ஊருக்கு ஏற்றபடி நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. அன்றும் சாயங்காலம் மறுபடி டை கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த அட்டவணையைப் பார்த்தால் ராணுவம் போலத் தெரியும். உண்மையில் கஷ்டம் அட்டவணையில் இல்லை, துணைவரில் இருக்கிறது. எந்த மிஷனரியும் தனியாக இருக்கக் கூடாது. குளியலறை தவிர எல்லா இடத்திலும் இன்னொருவர் கண்ணில் படும் தூரத்தில், காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும். துணைவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். துணைவர் மாறலாம், ஊர் மாறலாம், இரண்டுமே மாறாமலும் போகலாம். தெரியாத ஒருவனோடு இருபத்துநாலு மணி நேரமும், பூட்டிக்கொள்ள ஓர் அறைகூட இல்லாமல், பதினெட்டு பத்தொன்பது வயதில் வாழ்ந்து பாருங்கள். கல்யாணம் ஆன எனக்கே நினைத்தால் மூச்சு முட்டுகிறது.

பெரியவனுக்கு மூன்றாவதாக வந்த துணைவர் ஒரு பிரேசில்காரப் பையன். அவன் வீட்டில் அவன் ஒருவன்தான் சபையில் சேர்ந்தவன். வீட்டிலிருந்து கடிதமே வராது. அந்த நாட்களில் மிஷனரிகள் வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை, போனில் பேசலாம். கிறிஸ்துமஸ் அன்று பெரியவன் அம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தவன், பாதி நேரத்தில் போனை அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எப்படியோ பத்து நிமிஷம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு அவர் சமையலறையில் நின்று அழுதபோது கூட இருந்தவள் நான். அந்த நேரத்தில்தான் இந்த ஊழியம் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

வேலை என்றால் கதவு தட்டுவது மட்டும் இல்லை. ஃபோர்த்தலேசாவில் கதவைத் தட்டவே முடியாதாம். வீட்டுக்கு முன்னால் சுவரும் கேட்டும் இருக்கும். தெருவில் நின்று கைதட்டிக் கூப்பிட வேண்டும். நாள் முழுக்கக் கைதட்டினால் உள்ளங்கை காய்ச்சுப் போகும் என்று கையைக் காட்டினான். பெரும்பாலான கேட்டுகள் திறக்காது. சபை உறுப்பினர்கள் வீட்டில் மத்தியானச் சோறு, அரிசியும் பீன்ஸும். அவர்கள் தெரிந்தவர்களை அறிமுகப்படுத்துவார்கள். யாராவது வீடு மாற்றினால் மூட்டை தூக்குவார்கள். இலவச இங்கிலீஷ் வகுப்பு எடுப்பார்கள். இப்போதெல்லாம் கையில் ஸ்மார்ட்போன் இருப்பதால் பாதி அறிமுகம் முகநூலிலேயே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். சாப்பிடாமல் மிச்சமான பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சபையார் எல்லோருக்கும் உள்ள வழக்கம். வாரக் கடைசியில் எத்தனை பேருக்குப் பாடம் சொன்னோம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்ற கணக்கு மேலே போகும். அந்தக் கணக்கு பல பையன்களை வாட்டுகிறது. மனுஷனை எண்ணாகப் பார்க்க வைக்கும் எதுவும் ஊழியத்துக்கு நல்லதில்லை என்பது என் எண்ணம். அதைப் பக்கத்து வீட்டிலேயே சொல்லியிருக்கிறேன்.

நம்பிக்கை எப்படி வருகிறது என்று கேட்டீர்கள். அதுதான் உங்கள் கேள்வியில் பெரிய கேள்வி. இவர்களுடைய பாடத்தில் வாதம் அதிகம் இல்லை. 1820-ல், பால்மைரா ஊருக்குப் பக்கத்துத் தோப்பில், பதினான்கு வயது ஜோசப் எந்தச் சபை சரி என்று கடவுளிடமே கேட்டான், பதில் வந்தது என்பார்கள். மார்மன் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், இது உண்மையா என்று நீயே கடவுளிடம் கேள், பரிசுத்த ஆவி உனக்குக் காட்டும் என்று ஒரு வாக்குறுதி இருக்கிறது. மிஷனரி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, படித்துவிட்டு ஜெபித்துப் பாருங்கள் என்பான். அவ்வளவுதான் முறை. சான்று புத்தகத்தில் இல்லை, உங்கள் நெஞ்சில் வர வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதில் மாட்டிக்கொள்வது முதலில் அந்தப் பையன்தான். சின்ன வயதிலிருந்து சபையில் எழுந்து நின்று ‘இது உண்மை என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்லிப் பழகியவன். நாலு வயதுக் குழந்தைகூட அப்பா காதில் சொல்லச் சொல்ல அதைச் சொல்லும். இப்போது முன்பின் தெரியாத ஒரு கிழவி, கணவனைப் பறிகொடுத்தவள், கண்ணைப் பார்த்துக் கேட்கிறாள்: தம்பி, உனக்கு நிஜமாகவே தெரியுமா? பெரியவன் என்னிடம் சொன்னான்: “எனக்கு அப்போது இருநூறு போர்ச்சுகீஸ் வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டு அலங்காரமாக எதுவும் சொல்ல முடியாது. தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. நம்புகிறேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.” அன்று ராத்திரி முழங்காலில் நின்று முதன்முதலாகத் தனக்காகக் கேட்டானாம். பத்தொன்பது வருஷம் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்ட நம்பிக்கை அந்த ராத்திரிதான் தன்னுடையதாக ஆனது என்றான். என் கண்ணுக்குத் தெரிந்தவரை, இந்த இரண்டு வருஷத்தில் முதலில் மனம் திரும்புகிறவர்கள் மிஷனரிகளே. அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம்பிக்கையைச் சோதிக்கும் வரலாறும் அவர்கள் முதுகில் இருக்கிறது. 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு இந்தச் சபையில் ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், கிடையாது. பன்னிரண்டு வயது வெள்ளைப் பையனுக்குக் கொடுத்ததை அறுபது வயதுக் கறுப்பருக்குக் கொடுக்கவில்லை. பிரேசிலில் யாருக்கு ஆப்பிரிக்க ரத்தம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எப்படிப் பிரிப்பது? சாவோ பாலோவில் ஆலயம் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில் இந்தக் கேள்வி தலைவர்களைத் தூங்கவிடாமல் செய்தது. தடையை நீக்கும் வெளிப்பாடு வந்த அதே ஆண்டு அந்த ஆலயம் திறக்கப்பட்டது. ஹெல்வேசியோ மார்ட்டின்ஸ் என்ற கறுப்பினப் பிரேசில்காரர் தடை இருந்தபோதே, 1972-ல், குடும்பத்தோடு சேர்ந்தவர். 1990-ல் சபையின் பொது அதிகாரிகளில் முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஃபோர்த்தலேசாவில் ஒரு கறுப்பு வாத்தியார் இதைப் பற்றிப் பெரியவனிடம் கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. தன் சபையின் வரலாற்றை அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொள்ளும்படி பிள்ளைகளை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அவனுக்கும் ஒப்பவில்லை. திரும்பி வந்து அவன் முதலில் படித்தது அதைத்தான்.

சின்னவன் கதை வேறு. அவன் முறை வந்தபோது உறை இல்லை, மின்னஞ்சல்தான். ஆர்கன்சா மாநிலம். வெளிநாடு கிடைக்கவில்லையே என்று ஒரு நொடி அவன் முகம் மாறியதைப் பார்த்தேன், உடனே சிரித்துவிட்டான். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் வீட்டோடு வீடியோவில் பேசலாம் என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனதை அவன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கதவுப் பிடியைத் தொட்டாலே வயிறு பிசைகிறது, தூக்கம் வரவில்லை என்றான். மனப்பதற்றம். ஐந்தாம் மாதம் திரும்பி வந்தான்.

பெரியவன் வந்தபோது சால்ட் லேக் விமான நிலையத்தில் பலூன், பிரேசில் கொடி, நாற்பது பேர். சின்னவன் வந்த அன்று அப்பா, அம்மா, நான். அவன் பெயர் அட்டையைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்திருந்தான். சில வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சீக்கிரம் திரும்பியவன் என்றால் இங்கே பேச்சு எழும். முன்பைவிட இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டு சுக்கு காபி கொண்டுபோனேன். காபி என்ற வார்த்தையைக் கேட்டதும் டம்ளரை வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது. இதில் காபித்தூளே இல்லை, பேர்தான் காபி என்று சொன்ன பிறகு குடித்தான். பல மாதம் கழித்து அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு வீட்டிலிருந்தே செய்யும் சேவை ஊழியத்துக்கு மாறினான். உபவாசக் காணிக்கைப் பணத்தில் ஏழைகளுக்கு மளிகை கொடுக்கும் சபைக் கிடங்கு ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அங்கே பெட்டி அடுக்கினான், வயதானவர்களின் சாமானைக் கார் வரை தூக்கிக்கொண்டு போனான். அதே கறுப்பு அட்டைதான், இப்போது வெளியே தெரிகிற மாதிரி. அவன் அண்ணன் செய்ததைவிட அது ஒரு மாற்றுக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மதம் மாற்ற வருகிறார்களே என்று உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அது நியாயம்தான். ஆமாம், அதற்குத்தான் வருகிறார்கள், அதை மறைப்பதும் இல்லை. விருப்பமில்லை என்றால் ஒரே வார்த்தையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘பார்க்கலாம், அடுத்த வாரம்’ என்றால் அவர்கள் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வந்து நிற்பார்கள். அதுதான் அவர்களை அதிகம் வலிக்க வைக்கும்.

பேசிப் பார்க்கலாம் என்று இருந்தால், சனிக்கிழமை அவர்கள் உள்ளூர்த் தம்பதி யாரையாவது கூட அழைத்து வரலாம், இல்லையென்றால் சிஸ்டர்களை அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் வெளியே படியிலேயே உட்கார்ந்து பேசுங்கள், அதற்குத் தடை இல்லை. தண்ணீர் கொடுங்கள். எந்த ஊர், அம்மாவோடு என்றைக்குப் பேசுவீர்கள் என்று கேளுங்கள், மனப்பாடப் பேச்சு நின்று பையன் பேச ஆரம்பிப்பான். தோசை வார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பத்தொன்பது வயது, சைக்கிளிலோ நடந்தோ வந்திருப்பார்கள், ஆளுக்கு ஆறு தோசை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்னியில் மட்டும் மிளகாயைக் குறைத்துவிடுங்கள்.